அபாயா தடை: மதச்சார்பின்மையா, பாகுபாடா?

கயல்விழி:
முஸ்லிம் பெண்கள் சிலர் அணியும் அபாயாவைப் பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் இனி அணியக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் அன்றைய கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால் அறிவித்தார். பள்ளி திறந்த நாளில் 298 மாணவிகள் அந்த உடையில் வந்தார்கள். கழற்ற மறுத்த 67 பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதை மதச்சார்பின்மை என்று என்னால் ஏற்க இயலவில்லை. தோளிலிருந்து கணுக்கால்வரை தொளதொளவென்று தொங்கும் ஓர் அங்கிதான் அபாயா. துணிக்கடையில் எவரும் வாங்கக்கூடிய நீண்ட கவுனையும் அதையும் பள்ளி வாசலில் நிற்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? அணிந்திருப்பவளின் பெயரையும் நிறத்தையும் கொண்டுதான்.

அறிவழகன்:
தோழர், பள்ளிகளில் வெளிப்படையான மத அடையாளங்களைத் தடை செய்யும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. பெரிய சிலுவை, யூதர்களின் கிப்பா என்னும் சிறு தொப்பி, சீக்கியர்களின் தலைப்பாகை ஆகியவற்றுக்கும் பள்ளியில் இடமில்லை. விதியை மீறிய உடைகள், சின்னங்கள் குறித்து 2021-22இல் 617 ஆக இருந்த புகார்கள் மறு ஆண்டில் 1,984 ஆயின. பள்ளியினர் மாணவிகளிடம் பேசியபோதே அபாயா மத அடையாளம் என்பது வெளிப்பட்டதாகக் கூறி, தடையை நிறுத்திவைக்க உச்ச நிர்வாக நீதிமன்றமும் மறுத்துவிட்டது. கருத்துச் சுதந்திர வகுப்பில் முகமது நபி பற்றிய கேலிச்சித்திரம் காட்டியதற்காக 2020 அக்டோபரில் சாமுவேல் பாட்டி என்ற ஆசிரியர் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட நாடு அது. ஆசிரியர்களின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

கயல்விழி:
அந்தக் கொலை கொடூரமானது. அதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால், எவனோ செய்த கொலைக்குப் பதின்ம வயதுப் பெண்ணின் உடையில் பரிகாரம் தேடுவது எந்த வகையில் நியாயம்? சட்டம் எல்லோருக்கும் பொது என்கிறீர்கள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிறு சிலுவைக்கு அதே சட்டத்தில் தடை இல்லை. பிரான்ஸின் கிழக்கிலுள்ள அல்சாஸ், மோசெல் பகுதிகளிலோ, மதத்தையும் அரசையும் பிரித்த சட்டம் வந்த 1905இல் அவை ஜெர்மனியின் வசம் இருந்ததால், அந்தச் சட்டம் இன்றளவும் செல்லுபடியாவதில்லை. அங்கே கத்தோலிக்கப் பாதிரியார்கள், புராட்டஸ்டன்ட் போதகர்கள், யூத ரபிகள் ஆகியோருக்கு அரசே சம்பளம் தருகிறது; இமாம்களுக்கு இல்லை. குடியரசு ஒரு நூற்றாண்டாகப் பொறுத்துக்கொள்ளும் விதிவிலக்கு இது.

அறிவழகன்:
அல்சாஸ் விதிவிலக்கு நீக்கப்பட வேண்டியதே. ஆயினும், வீட்டாரின் வற்புறுத்தலால் அணியும் சிறுமியை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளியிலாவது அவளுக்கு விடுதலை வேண்டாமா?

கயல்விழி:
அப்படிப்பட்ட சிறுமி உண்டு; நானும் மறுக்கவில்லை. அவளை வாசலில் மறித்து அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது இந்த உத்தரவு. வற்புறுத்தலைப் பற்றி அவள் வாய் திறந்து சொல்லக்கூடிய ஆசிரியை, அப்போது உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.