கிளேஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தும்பை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு ஊரில் பெண்களுக்கு மண்வேலை சொல்லிக்கொடுக்கிறேன். சுவரில் பதிக்கும் ஓடு, பூச்சாடி, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, மாடக்குழியைச் சுற்றி ஒட்டும் பட்டை எல்லாம் கையாலேயே செய்கிறோம். வீட்டை அழகுபடுத்த நினைக்கிறவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அடுத்த அணிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுடும்போது ஓட்டின் மேல் உருகிக் கண்ணாடியாகிற படலத்தைக் கிளேஸ் என்கிறோம். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன கையேட்டில் 'வண்ணப் பூச்சு' என்று போட்டிருந்தேன். அதை நம்பி ஒரு பெண் தூரிகை எடுத்து, கதவுக்கு வண்ணம் அடிக்கிற மாதிரி மெல்லிசாக, அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் அடித்துவிட்டாள். ஆறு ஓடுகள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. உளி வைத்துத் தட்டியதில் தட்டும் உடைந்தது. அவள்மேல் தவறே இல்லை. பூச்சு என்று எழுதினால் பூசத்தானே செய்வார்கள்? இன்னொருத்தி, கோபால்ட் கார்பனேட் கலந்த கரைசல் இளம் ஊதாவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, 'நான் நீலம்தானே கேட்டேன்' என்று ஒரு வாளியைக் கீழே கொட்டிவிட்டாள். நெருப்புக்குப் போய் வந்தால்தான் அது நீலம்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருமுறை சுட்ட ஓட்டைக் கரைசலில் மூன்று எண்ணும் வரை முக்கி எடுப்போம். ஓடு தண்ணீரைக் குடித்துவிடும், மாவு மட்டும் மேலே நிற்கும். விரல் வைத்தால் குழந்தை முகத்துப் பவுடரில் படுகிற மாதிரி தடம் விழும். அடியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சூளையில் அடுக்குவோம். எங்கள் சூளையில் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த மாவு உருகிக் கண்ணாடியாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுரண்டினாலும் வராது.

இந்த உருகுதல் சொல்லிலேயே தெரிய வேண்டும். பத்தாவது படித்த பெண் தடுமாறாமல் வாசிக்கவும் வேண்டும்.

ஏடகம், செவ்வாய் காலை

தும்பை அம்மாவுக்கு,

சுடாத மண்ணுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? 'பச்சை மண்' என்று வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வள்ளுவர் 660ஆம் குறளில் 'பசுமட்கலம்' என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தீய வழியில் சேர்த்த பொருள், சுடாத மண்பாத்திரத்தில் ஊற்றி வைத்த நீர் போன்றது என்கிறார். தண்ணீர் ஊற்றினால் கலமே கரையும் என்பது குயவர் வீட்டு அறிவு. சூளையும் பழஞ்சொல்தான், புறநானூறு 228இல் இருக்கிறது. மண்ணை உருவாக்கும் செயலுக்கு 'வனை'. அதையும் விட்டுவிடாதீர்கள்.

கிளேஸுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. நமக்கும் அதே வழி திறந்திருக்கிறது. மணிமேகலை உவவனம் என்னும் சோலையில் பளிக்கறைக்குள், அதாவது ஒளி ஊடுருவும் பளிங்கு அறைக்குள், புகுந்துகொள்கிறாள். வெளியே நிற்கும் உதயகுமரனுக்கு அவள் உருவம் தெரிகிறது, ஆனால் நெருங்க முடியவில்லை. ஒளி ஊடுருவும், கை ஊடுருவாது. ஓட்டின் மேல் உருகி நிற்கும் அந்தப் படலமும் அப்படித்தானே? ஆகவே பளிக்கு என்று முன்மொழிகிறேன். பளிக்கிடுதல், பளிக்கோடு, பளிக்குக் கரைசல் என்று கிளை விரியும்.

சக்கரம், செவ்வாய் மதியம்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டறையில் 'பளிக்கு' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகு புதுச்சேரியைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள் வந்துவிட்டன. கிளேஸ், கில்ன் (சூளை), ஸ்லிப் (மண்கூழ்) என்று சொல்லித்தான் கை பழகியிருக்கிறது. கடையில் மூட்டை கேட்டாலும் அதே பெயர்தான். புதுப்பெயர் படித்துவிட்டு வேலைக்கு வரும் பெண் முதல் நாளே முழிப்பாள். கிளேஸ் என்றே எழுதி, பக்கத்தில் இரண்டு வரியில் விளக்கம் கொடுங்கள். ஜன்னலும் சாவியும் அப்படி வந்தவைதானே?

கொத்தனார் மகன், செவ்வாய் மாலை

நான் காரைக்குடிப் பக்கம். அப்பா ஆத்தங்குடிக் கல் என்கிற தரை ஓடு பதித்தவர். முதலில் ஒரு வேண்டுகோள். 'வீட்டுக்கு அழகான சுடுமண் ஓடுகள்' என்று தலைப்புப் போட்டு அதில் ஆத்தங்குடியைச் சேர்த்துவிடாதீர்கள். பலர் சேர்க்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் நெருப்பையே பார்த்ததில்லை.

கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கூழை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு நிரப்புவார்கள். அடுத்து தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறும். வெளியே எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினால் அதன் வழுவழுப்பு கல்லுக்கு வந்திருக்கும். நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். அதே செட்டிநாட்டு வீடுகளில் சுவரில் இருக்கும் ஜப்பான் பூ ஓடு சுட்டது, கிளேஸ் போட்டது. வளவில் நின்று தரையையும் சுவரையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். தரை கொஞ்சம் மென்மை, சுவர் ஜில்லென்று இருக்கும்.

இப்படிச் சுட்டதையும் சுடாததையும் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும். கண்ணாடிப் பூச்சு என்று வையுங்கள். யாருக்கும் புரியும்.

தாழி, செவ்வாய் இரவு

யாராவது 'மெருகு' என்று சொல்வதற்குள் தடுத்துவிடுகிறேன். தொல்லியலில் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. நம்மூர் அகழாய்வுகளில் வரும் கருப்பு சிவப்புப் பானைகளைப் பாருங்கள். மினுங்கும், ஆனால் கிளேஸ் கிடையாது. ஈரம் பாதி போன நிலையில் கூழாங்கல்லாலோ வேறெதாலோ தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு அது. அதை 'மெருகிட்ட' என்றுதான் எழுதுகிறோம். கிளேஸுக்கும் மெருகு என்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கண்ணாடி ஏற்றினார்கள் என்று நாளைக்கு ஒருவர் கட்டுரை எழுதிவிடுவார்.

வடலி, புதன் காலை

யாழ்ப்பாணத்திலிருந்து. தலைப்பில் 'பீங்கான் ஓடு' என்று போடும் எண்ணம் இருந்தால் ஒரு சொல்: எங்கட பக்கம் பீங்கான் என்றால் சாப்பிடுகிற தட்டு. 'பீங்கானைக் கழுவி வை' என்று அம்மா சொல்லுவா. சிங்களத்திலும் பிங்கான தட்டுத்தான், மலாயிலும் பிங்கான் தட்டுத்தான். பாரசீகத்துப் பிங்கான் கிண்ணத்தைக் குறித்தது என்பர். கப்பல் போன துறையெல்லாம் இந்தச் சொல்லும் போயிருக்கிறது. ஆகவே சுவரில் பீங்கான் ஒட்டச் சொன்னால் எங்கட ஆட்கள் தட்டைத்தான் ஒட்டுவினம்.

சூளையைப் போறணை என்றும் மாற்றாதீர்கள். எங்கட பக்கம் போறணை என்றால் ரொட்டி சுடுகிற அடுப்பு, அதில் வேகிறது பாண்.

ஏடகம், புதன் மதியம்

வடலி அவர்கள் பீங்கானைத் தொட்டதால் சாடியையும் சொல்லிவிட வேண்டும். தும்பை அம்மா 'பூச்சாடி' என்று எழுதியது மிகச் சரி. ஜாடி ஆங்கிலத்திலிருந்து வந்தது, ஆகவே 'பூக்கலம்' என்று திருத்த வேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள். ஆங்கிலச் சொல் அரபியின் ஜர்ரா வழியே வந்தது. நம் சாடியோ பெரும்பாணாற்றுப்படையிலேயே கள் விளையும் 'வல்வாய்ச் சாடி'யாக இருக்கிறது. உறுதியான வாயை உடைய சாடி. கையேட்டில் சாடி என்றே தலைநிமிர்ந்து எழுதுங்கள்.

பளிங்குக்கும் இதே வழக்கு உண்டு. ஸ்படிகம் பிராகிருதத்தில் பலிகமாகி இங்கே பளிங்கானது என்பார்கள். 'பளபள', 'பளிச்' என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால் 'பள்' என்னும் நம் வேரே போதும் என்பது என் உறுதி. பள் என்றால்

தும்பை, புதன் மாலை

ஐயா, இடைமறிப்பதற்கு மன்னியுங்கள். பாதி மடலிலேயே அனுப்பிவிட்டீர்கள் போல. வேர் ஆராய்ச்சியை வெள்ளிக்குப் பிறகு முழுதாகப் படிக்க எனக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறது. இப்போது இருப்பது இரண்டு நாள்.

கொத்தனார் மகன் தம்பி, 'கண்ணாடிப் பூச்சு' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கெடுத்த அதே 'பூச்சு' அதிலும் இருக்கிறது. உப்பு கிளேஸ் என்று ஒன்று உண்டு. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே போடுவார்கள். அதிலிருக்கும் சோடியம் ஆவியாகி, மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து மேற்பரப்பையே கண்ணாடியாக்கிவிடும். பழைய கழிவுநீர்க் குழாயில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு மினுமினுப்பு இருக்குமே, அதுதான். அங்கே யாரும் எதையும் பூசவில்லை. அதை எப்படிப் பூச்சு என்பது?

கொத்தனார் மகன், புதன் இரவு

அக்கா, சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தில் பூசி, காற்றைக் குடித்துக் கல்லாகிறதுதான். பூச்சு என்றதும் பெயின்ட் நினைவு வருவது இந்தக் காலத்துப் பழக்கம். எங்கள் வேலையில் பூச்சு என்றால் சுவரோடு ஒன்றாகிப் போனது. உரித்தால் வந்துவிடுகிறதை நாங்கள் பூச்சு என்றே ஒத்துக்கொள்ள மாட்டோம். கண்ணாடி என்ற அடை முன்னால் இருக்கிறது, அது போதும். உப்புச் சூளை உங்கள் கையேட்டில் வருகிறதா?

தும்பை, வியாழன் மாலை

உப்புச் சூளை கையேட்டில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்று வகுப்பில் கரும்பலகையில் கிளேஸ், பளிக்கு, கண்ணாடிப் பூச்சு மூன்றையும் எழுதிப் போட்டேன். பன்னிரண்டு பேர். பளிக்கை இரண்டு பேர் 'பளிங்கு' என்று வாசித்து, கோயில் தரையா என்று கேட்டார்கள். கிளேஸைச் சொல்ல எல்லாருக்கும் வந்தது, அது என்ன என்று சொல்ல யாருக்கும் வரவில்லை. கண்ணாடிப் பூச்சு என்றதும் ஒருத்தி, 'சூளையில கண்ணாடியா ஆகிடுமாக்கா?' என்றாள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

இதைவிட ஒன்று. மத்தியானம் சூளை ஆறித் திறந்தோம். வேப்பிலை பதித்த ஓட்டைக் கையில் எடுத்த ஒரு வயதான அம்மா, நரம்புப் பள்ளத்தில் செம்புப் பச்சை தேங்கி, மேட்டில் மெலிந்து நிற்பதை நகத்தால் வருடிவிட்டு, 'நல்லா கண்ணாடி ஏறியிருக்கு' என்றார். பக்கத்திலேயே ஒரு ஓட்டில் மயிரிழை வெடிப்பு வலை மாதிரி ஓடியிருந்தது. ஆறும்போது கண்ணாடி மண்ணைவிட அதிகம் சுருங்கினால் அப்படி ஆகும். அதைப் பார்த்து 'இதுல கண்ணாடி இழுத்துக்கிச்சு' என்றார். நான் எந்தச் சொல்லையும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே பெயராகக் கண்ணாடிப் பூச்சு, வினையாகக் கண்ணாடி ஏறுதல். முதல் இடத்தில் மட்டும் 'பட்டறையில் கிளேஸ் என்பார்கள்' என்று சேர்க்கிறேன். 'தூரிகையால் அடிக்காதே, முக்கி எடு, அடியைத் துடை' என்பது அதே பக்கத்தில் பெரிய எழுத்தில்.

சக்கரம், வியாழன் இரவு

சரி. கிளேஸ் ஒரு இடத்திலாவது இருக்கிறதே, அது போதும்.

தாழி, வியாழன் இரவு

'கண்ணாடி ஏறிய மட்கலம்' என்று என் அடுத்த கட்டுரையில் எழுதிப் பார்க்கிறேன். மெருகோடு மோதவில்லை.

வடலி, வெள்ளி காலை

எங்களுக்கும் விளங்கும்.

ஏடகம், வெள்ளி காலை

பெரும்பான்மை ஆனபின் தடுக்க மாட்டேன், கையேடு நேரத்துக்குப் போகட்டும். 'கண்ணாடி ஏறுதல்' அருமையான வினை. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் 'பூச்சு' என்பதை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். உப்புச் சூளை இந்தக் கையேட்டில் இல்லாமல் இருக்கலாம், இரண்டாம் பதிப்பில் வரும். அப்போது பூசாத ஒன்றைப் பூச்சு என்று எப்படி எழுதுவீர்கள்? வினை 'ஏறு' என்று கிடைத்துவிட்டபின் பெயரை ஏன் அதிலிருந்தே எடுக்கக் கூடாது? 'கண்ணாடியேற்றம்' என்று யாருமே சொல்லிப் பார்க்கவில்லையே. 'பள்' வேர் பற்றிய மடலின் மீதியை இன்று மாலை அனுப்புகிறேன்.