செஸ்: பி3 ஆடினால் மந்திரி மாட்டிக்கொள்கிறது, உதவுங்கள்

தண்டையார்பேட்டை சிப்பாய்:
அவசரம். நாளை காலை கிளப்பில் அடுத்த சுற்று. முதல் நகர்வாகச் சிப்பாயை பி3 கட்டத்துக்குத் தள்ளுவதுதான் எனக்குப் பழக்கம். போன ஞாயிறு மந்திரி மாட்டித் தோற்றேன். எங்கே தவறு?

ராயபுரம் 64:
நீங்கள் வெள்ளையா? நகர்வுகள் எங்கே? மாட்டியது எந்த மந்திரி?

பெரம்பூர் லோகோ:
நேர நெருக்கடிதான் காரணம். எத்தனை நிமிட ஆட்டம்?

பழைய வண்ணை:
எத்தனை பேருக்குத்தான் சொல்வது! நடுக்கட்டங்களைப் பிடிக்கத் தெரியாதவர் ஓரத்தில் தொடங்கக் கூடாது. 1970-ல் பெல்கிரேடில் பி3 ஆடிய டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் லார்சனையே அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி 17 நகர்வில் முடித்தார். ஆறு மாதம் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை நடுவுக்குத் தள்ளும் இ4 ஆடிவிட்டு வாருங்கள்.

தண்டையார்பேட்டை சிப்பாய்:
மன்னிக்கவும். வெள்ளை. ஒரு மணி நேர ஆட்டம். பி3, இ5. மந்திரி பி2, குதிரை சி6. குதிரை எஃப்3, இ4. என் குதிரை டி4 போனது, எதிராளி வெட்டினார். மந்திரியால் திருப்பி வெட்டினேன். அவர் டி5, நான் இ3, அவர் சி5. மந்திரி இ5, எஃப்6. மந்திரி ஜி3, எச்5. நான் சி4 ஆடினேன். எச்4, மந்திரி எஃப்4, ஜி5. போக இடமில்லை.

பெரம்பூர் லோகோ:
பிஷப்பையா மந்திரி என்கிறீர்கள்? எங்கள் தாத்தா ராணியைத்தான் மந்திரி என்பார். ராணி போய்விட்டது என்றல்லவா நினைத்தேன்.

ராயபுரம் 64:
தாத்தா சொன்னது பழைய வழக்கு. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி குறுக்கே ஒரு கட்டம்தான் நகரும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் அது இன்றைய ராணியின் பலம் பெற்றது.

பழைய வண்ணை:
பெயர் ஆராய்ச்சிக்கு வேறு இழை திறங்கள்.

பெரம்பூர் லோகோ:
லார்சன் கதையை நீங்கள் இழுக்கலாம், நாங்கள் பேசக் கூடாதா?

வியாசர்பாடி குதிரை:
அந்த லார்சன் கதையில்தான் விடை இருக்கிறது. அவரும் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தார். எதிராளியின் சிப்பாய் இ4-க்கு வந்து அதைத் துரத்தியது. குற்றம் பி3 மீது இல்லை. மூன்றாவது நகர்வில் இ3 ஆடுங்கள். அடுத்து மற்ற மந்திரி பி5-க்கு வந்து, இ5 சிப்பாயைக் காக்கும் சி6 குதிரையை நெருக்கட்டும். எங்கள் பக்கத்துக் கால்பந்தில் ஓரமாக ஓடுகிறவன் நடுவில் இருப்பவனை மறப்பதில்லை. உங்கள் ஆட்டத்திலும் சி5 வந்தவுடன் மந்திரி பி2-க்கே திரும்பியிருக்கலாம். சி4-க்குப் பதில் எச்3 ஆடியிருந்தால்கூட எச்2-வில் ஒதுங்க இடம் கிடைத்திருக்கும்.

பழைய வண்ணை:
எச்3 சரி. இருந்தாலும் இ4 கற்கட்டும்.

தண்டையார்பேட்டை சிப்பாய்:
கிளப் சுற்றில் மூன்றாவது நகர்வாக இ3 ஆடினேன். டிரா. மந்திரி கடைசிவரை பி2-வில் இருந்தது. நன்றி.