டூலியா ஊர்க் கைதுகள்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

*கார்த்திக் (லப்பக்), காலை 7:12*
பெரியப்பா, அமரில்லோ நகரத்துக்குப் போகும் வழியில் தாண்டிய ஊர் எது என்று கேட்டிருந்தீர்கள். அது டூலியா, டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கே, ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர் வாழும் விவசாய ஊர். 1999 ஜூலை 23 அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், காவலர்கள் அங்கே வீடு வீடாகப் புகுந்து, கொக்கெய்ன் விற்றதாகச் சொல்லி ஆட்களைப் பிடித்தார்கள். உடை மாற்றக்கூட விடாமல் இழுத்துவரப்பட்டவர்களைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் படம்பிடித்தன. வழக்கில் சேர்க்கப்பட்ட 46 பேரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த ஊரில் கறுப்பினத்தவரே சில நூறு பேர்தான்.

*வசந்தா அத்தை, 7:31*
இத்தனை பேரைப் பிடித்தார்களே, வீடுகளில் சரக்கு ஏதாவது அகப்பட்டதா கார்த்தி? நெருப்பில்லாமல் புகையாது என்றுதான் ஊரில் யாரும் சொல்வார்கள்.

*மீனா, 7:48*
ஒன்றுமே அகப்படவில்லை அத்தை. போதைப்பொருளோ, கட்டுக்கட்டாகப் பணமோ, ஆயுதமோ எதுவும் இல்லை. டாம் கோல்மன் என்ற வெள்ளைக்காரக் காவலர் ஒருவர் வேறு ஆள்போல் ஊருக்குள் நுழைந்து, சுமார் 18 மாதம் பழகி, இன்னாரிடம் இன்ன நாளில் வாங்கினேன் என்று சொன்னார். அவ்வளவுதான் வழக்கு. ஒலிப்பதிவு கிடையாது, ஒளிப்பதிவு கிடையாது, கூட இருந்து பார்த்த இன்னொரு காவலரும் கிடையாது. விவரங்களைத் தம் காலிலேயே எழுதி வைத்துக்கொண்டதாக அவர் சொன்னார்.

*செல்வராஜ் பெரியப்பா, 8:05*
கோர்ட்டில் வேலை பார்த்தவன் என்பதால் கேட்கிறேன், மீனா. பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜர் இல்லை, தனிச் சாட்சி இல்லை, கைப்பற்றிய பணமும் இல்லை. அப்படிப்பட்ட வழக்கில் ஒரு நடுவர் குழு எப்படித் தண்டனை கொடுத்தது?

*மீனா, 8:40*
சாட்சியத்தை எடைபோடுவதற்கு முன்பே, கூண்டில் நின்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது, பெரியப்பா. ஊரின் தெருக்களிலிருந்து குப்பை அகற்றப்பட்டது என்ற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகை தலைப்பிட்டிருந்தது. அதைப் படித்த ஊரிலிருந்துதானே நடுவர்களும் வந்தார்கள்? முதலில் விசாரிக்கப்பட்டவர் பன்றி வளர்த்துப் பிழைத்த, வயதான ஒருவர். அவருக்கு 90 ஆண்டு சிறை விதித்தார்கள். எனக்கு மிகவும் வலிப்பது அதற்குப் பின்னால் நடந்ததுதான்: அடுத்தடுத்து வந்த கொடுந்தண்டனைகளைக் கண்டு நடுங்கிய மற்றவர்கள், வழக்கை நடத்தித் தோற்றால் ஆயுள் முழுக்கச் சிறையில் கிடக்க நேரும் என்று அஞ்சி, செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்கு இணங்கினார்கள். ஒப்புக்கொண்டவர் குற்றவாளிதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அச்சமும் ஒப்புக்கொள்ள வைக்கும்.

*கார்த்திக், 8:52*
இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோல்மன் முன்பு வேலை பார்த்த கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அவர் மீதே திருட்டுப் புகார் இருந்தது. இந்தப் பணியின் நடுவில், 1998இல், அதற்காக அவர் கைது செய்யப்பட்டார். அவரை வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் மீண்டும் அதே பணிக்கு அனுப்பினார்கள். பிறகு மாநில அளவில் சிறந்த காவலர் விருதும் கொடுத்தார்கள். கோல்மன் வேலை பார்த்த, அமரில்லோ நகரம் பொறுப்பேற்று நடத்திய போதைத் தடுப்புப் படை கூட்டாட்சி அரசின் மானியத்தில் இயங்கியது. கைதுக் கணக்கைக் காட்டித்தான் அந்த மானியத்தை நியாயப்படுத்த முடியும்.

*வசந்தா அத்தை, 9:20*
பிள்ளைகுட்டிக்காரர்களும் இருந்திருப்பார்களே, அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

*மீனா, 9:34*
பாட்டிமார்கள்தான், அத்தை. தன் பிள்ளைகளில் பலர் சிறைக்குப் போய்விட, பேரக்குழந்தைகளைத் தாங்கிய ஒரு பாட்டி சிறைக் காவலராக வேலை செய்தவர். ஒரு நாள் தவறாமல் சட்டத்தின் பக்கம் நின்று சம்பளம் வாங்கிய குடும்பத்துக்கே இந்தக் கதி.

*செல்வராஜ் பெரியப்பா, 9:50*
எப்படி உடைந்தது வழக்கு?

*மீனா, 10:15*
காகிதங்களால்தான். ஒரு பெண் டூலியாவில் போதைப்பொருள் விற்றதாகக் கோல்மன் குறித்த நாளில், பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் வங்கிப் பணம் எடுத்ததற்குப் பதிவு இருந்தது. 2002இல் அந்தப் பெண் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த, இந்திய வம்சாவளியினரான வனிதா குப்தா, பெரிய சட்ட நிறுவனங்களின் வழக்கறிஞர்களை ஒன்றுதிரட்டினார். அமரில்லோவின் வழக்கறிஞர்களும், உள்ளூர் வெள்ளைக்கார விவசாயி ஒருவரும் அதற்கு முன்பே போராடிக்கொண்டிருந்தார்கள். 2003 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி ரான் சாப்மன் முன்னால் கோல்மன் குறுக்கு விசாரணையில் முரணுக்கு மேல் முரணாகப் பேசினார். தண்டனைகளை ரத்து செய்யலாம் என்று நீதிபதி பரிந்துரைத்தார். மேல்நீதிமன்றம் முடிவெடுப்பதற்குள், ஆகஸ்டில் ஆளுநர் ரிக் பெர்ரி 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். சிலர் அதற்குள் நான்கு ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார்கள்.

*கார்த்திக், 10:22*
2004இல் அமரில்லோ நகரம் 50 லட்சம் டாலர் இழப்பீடு தர இணங்கியது. அந்தப் படையும் கலைக்கப்பட்டது.

*வசந்தா அத்தை, 10:30*
பொய் சொன்ன அந்தக் காவலர்?

*மீனா, 10:41*
2005இல் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காக 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, அத்தை. அதுவும் அந்த ஊர் மக்கள் கொக்கெய்ன் விற்றதாக அவர் சொன்ன பொய்க்காக அல்ல. தன் மீதிருந்த திருட்டு வழக்கு தனக்கு எப்போது தெரியவந்தது என்பதைப் பற்றிச் சொன்ன பொய்க்காக. சிறைக்கு அவர் போகவில்லை.