ஒளிபுகு நிறமா, மறைநிறமா, விடுநிறமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

படவுரு (ஐகான்) வரையும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரு சரத்தில், அதாவது திரையில் வரும் ஒரு சொற்றொடரில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். படவுருவில் ஏதாவது ஒரு நிறத்தைத் தேர்ந்து கொடுத்தால், திரையில் அந்த நிறம் உள்ள இடமெல்லாம் பின்னணி தெரியும். அந்த நிறத்துக்கு என்ன பெயர்? 'ஒளிபுகு நிறம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். சரியில்லை என்றே நினைக்கிறேன். ஒளிபுகு, ஒளிபுகா என்பவை இயற்பியல் பாடத்துச் சொற்கள், கண்ணாடிக்கும் மரப்பலகைக்கும் உரியவை. இங்கே ஒளி எதிலும் புகவில்லை. பழைய விண்டோஸ் நிரல்களில் இதற்கென்று பெரும்பாலும் எடுத்துக்கொண்ட நிறம், 0 முதல் 255 வரையான அளவில், சிவப்பு 255, பச்சை 0, நீலம் 255. நம் புதுச்சேரி மதில்களில் தொங்கும் காகிதப்பூவின் அடர் நிறம்தான் அது. படங்களில் அரிதாகவே வரும் என்பதால் அதைப் பிடித்தார்கள். வெள்ளையைக் கொடுத்துப் பாருங்கள், மீன் படவுருவில் கண்ணின் வெள்ளையும் ஓட்டையாகிவிடும். ஆக, அந்த நிறத்துக்கென்று எந்தத் தன்மையும் இல்லை. 'இதை வரையாதே' என்று நிரலுக்குச் சொல்லும் குறி, அவ்வளவுதான்.

இன்னொன்று. 1989இன் ஜிஃப் (GIF) படக்கோப்பு வடிவத்தில் ஒரு புள்ளி தெரியும், அல்லது தெரியாது. இடைநிலை கிடையாது. பின்னால் வந்த பிஎன்ஜி (PNG) வடிவத்தில் ஆல்ஃபா என்ற தனி அடுக்கு, பின்னணி எவ்வளவு தெரியலாம் என்பதற்குப் புள்ளிக்குப் புள்ளி பொதுவாக 256 படிகள் தருகிறது. ஒளிபுகுதன்மை என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். ஒரே சன்னலில் இரண்டு வசதிகளும் வந்தால் எதற்கு எந்தப் பெயர் வைப்பீர்கள்? மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. காகிதப்பூ நிறப் பின்னணியில் ஒரு தோணி வரைந்து, அதன் ஓரத்தை வழவழப்பாக்குகிறார்கள். ஓரப் புள்ளிகளில் தோணியின் பழுப்பும் காகிதப்பூ நிறமும் கலந்து மூன்றாவது ஒரு நிறம் பிறக்கிறது. அது 255, 0, 255 இல்லை, அதனால் நிரல் அதை விடுவதில்லை. தோணியைச் சுற்றி ரோஜா நிறத்தில் ஒரு விளிம்பு ஒட்டிக்கொள்கிறது. நிறம் 'ஒளிபுகுகிறது' என்று படித்த பிள்ளைக்கு இது விளங்கவே விளங்காது. 'மறைநிறம்' என்று வையுங்கள்.
— லாசுப்பேட்டை, புதுச்சேரி

குழுவினருக்கு வணக்கம். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்ற குறளை மறந்துவிட்டீர்களே! தனக்கென நிறமின்றி, அருகில் இருப்பதைக் காட்டுவது பளிங்கு. மணிமேகலையின் பளிக்கறையும் அப்படித்தான்: உள்ளே இருப்பவள் உருவம் வெளியே தெரியும், குரல் கேட்காது. 'பளிங்குநிறம்' என்பதைவிட அழகான சொல் உண்டா?

தனிமடலில் ஒருவர் 'ஊடுநிறம்' என்று கேட்டிருந்தார். வேண்டாம். வினைத்தொகையாகப் பிரித்தால் ஊடல் கொண்ட நிறம் என்றாகும். 'கழிநிறம்' என்றால் நன்னூல் படித்தவர் மிகுதி என்று கொள்வார், நம் கடற்கரைக்காரர் உப்பங்கழியை நினைப்பார்.
— திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, குறள் அருமை. ஆனால் இன்று பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் வெள்ளைக் கல். பயனர் வெள்ளையைத்தான் சொடுக்குவார். மறைநிறமும் எனக்கு ஒப்பவில்லை, எது எதை மறைக்கிறது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் 'டிரான்ஸ்பரன்ட் கலர்' என்கிறார்கள். அதையே எழுதிவிட்டால் என்ன?
— முத்தியால்பேட்டை

தம்பி, எல்லாவற்றையும் அப்படியே எழுதுவதென்றால் தமிழாக்கம் எதற்கு?

மறைநிறத்தில் ஐயம் இருந்தால் 'விடுநிறம்' என்று கொள்ளலாம். விடு என்ற பகுதியில் இரண்டு பொருளும் அடங்கும். நிரல் விட்டுவிடும் நிறம், பின்னணியைத் தெரியவிடும் நிறம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரை சேர்ந்ததாக நம் ஊரில் சொல்லும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றுதானே பெயர்? அந்த 'விட்ட' தான் இது. பளிங்கை நான் கைவிடவில்லை, ஆல்ஃபாவுக்கு வைத்துக்கொள்வோம்.
— திருப்பாதிரிப்புலியூர்

விடுநிறம் பொருளில் சரியாக இருக்கிறது, மனதார ஏற்கிறேன். ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு விடுகதை, விடுமுறைதான் நினைவுக்கு வரும். மறைநிறம் கேட்டதும் பிடிபடும். மறைதல், மறைத்தல் இரண்டுக்கும் மறை பொது. 'மறையும் நிறம்' என்று விரித்தால் முத்தியால்பேட்டைத் தம்பியின் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. எதைத் தேர்ந்தாலும் ஒளிபுகு என்ற சொல்லை ஆல்ஃபாவுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.
— லாசுப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, அனுப்பியாக வேண்டும். பொத்தானில் 'மறைநிறம்' என்றும், சுட்டியை வைத்தால் வரும் குறிப்பில் 'இந்த நிறம் உள்ள இடத்தில் பின்னணி தெரியும்' என்றும் எழுதிவிட்டேன். ஆல்ஃபாவுக்கு ஒளிபுகுதன்மை. அடுத்த பதிப்பில் மாற்ற இடமுண்டு.
— மஞ்சக்குப்பம்

என் வாக்கு விடுநிறத்துக்கே. பதிவில் இருக்கட்டும்.
— திருப்பாதிரிப்புலியூர்