பெயரை மாற்றினால் கதை நமதாகிவிடுமா?

முத்தையன்கட்டு வாசகி:
வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் காலத்தை வைத்து எழுதப்பட்ட தொடர்கதை ஒன்றில் மனம் பறிகொடுத்து, அதன் தொடர்ச்சியாக நாற்பது அத்தியாயங்கள் இணையத்தில் எழுதினேன். ஆசிரியர் இன்றும் வாழ்கிறார். அவர் கற்பனையில் பிறந்த வைத்தியர் மகள்தான் என் நாயகியும். இப்போது புத்தகமாக்கக் கேட்கிறார்கள். பெயர்களை மாற்றினால் போதுமா?

மாங்குளத்தான்:
தாராளமாகப் போதும், தங்கச்சி. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடியவர்கள் இளங்கோவிடம் அனுமதி வாங்கினார்களா? கைமாறிக் கைமாறித்தான் கதை வளரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே வெறும் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது.

கனகராயன்:
அண்ணை, பாதிச் சட்டத்தைச் சொல்லிப் பிள்ளையைக் கிடங்கில் தள்ளாதீர்கள். அதே சட்டத்தில் எழுத்தாளரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிற்கிறது. தழுவி எழுத அனுமதிக்கும் உரிமையும் அவருக்கே. குளத்து நீர் ஊருக்குப் பொது, ஒருவர் விதைத்த நெல் பொதுவா?

மாங்குளத்தான்:
அப்படியானால் கற்சிலைமடுவில் உள்ள பண்டாரவன்னியன் நினைவுக்கல்லும் அந்த எழுத்தாளருடையதா? இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தன் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று வாதாடித் தோற்றார். கரு ஒன்றாக இருப்பது குற்றமில்லை என்றார்கள்.

கனகராயன்:
பண்டாரவன்னியன் எவருக்கும் சொந்தமில்லை. 1803இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை யாரும் எழுதலாம். ஆனால் அந்தத் தீர்ப்பை முழுவதும் படியுங்கள்: இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல் என்று ஐயமின்றித் தோன்றினால் அது மீறல். தங்கச்சி, வைத்தியர் மகளின் ஊமைத் தம்பி, அவள் மறைக்கும் ஓலை, படகுத்துறைப் பிரிவு எல்லாம் உங்கள் கதையிலும் இருக்கின்றன. பெயர் மாறினாலும் அவள்தான் நடந்து வருகிறாள்.

முத்தையன்கட்டு வாசகி:
உண்மை. பதினேழாம் அத்தியாயம், வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவரும் இரவு, அந்தக் கிழவி, முழுவதும் என்னுடையது. என் அம்மம்மா சொன்னது.

கனகராயன்:
நான் இரண்டு முறை வாசித்தது அதைத்தான். கிழவியிடமிருந்து தொடங்குங்கள். வைத்தியர் மகளை அவருடைய கதையிலேயே விட்டுவிடுங்கள்.

மாங்குளத்தான்:
நாற்பது அத்தியாய உழைப்பு, தம்பி! வேண்டுமானால் அந்த எழுத்தாளரிடமே எழுத்தில் அனுமதி கேட்கட்டும். அதுவும் வழிதானே?

கனகராயன்:
வழிதான், அண்ணை. அவர் மறுத்தால்?

முத்தையன்கட்டு வாசகி:
கடிதம் எழுதுகிறேன். பதில் வருவதற்குள் கிழவியின் கதையையும் தொடங்கிவிடுகிறேன்.