சிஇ, எஃப்சிசி முத்திரை இருந்தும் ரேடியோவில் இரைச்சல்: எஸ்எம்பிஎஸ் சந்தேகம்

உறையூர்க்காரன்:

திருச்சியில் சின்ன அளவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். போன மாதம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்குப் புது பிசி போட்டுக் கொடுத்தேன். அவர் தினமும் திருச்சி வானொலியை மத்திய அலையில், 936 கிலோஹெர்ட்ஸில் கேட்பவர். பிசி ஓடினால் நிலையமே கேட்பதில்லை, ஒரே 'கொர்ர்ர்' சத்தம். ஷட்டவுன் செய்த பிறகும், சுவிட்ச்போர்டில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை மெல்லிசாக இரைகிறது. அணைத்தால் உடனே நிற்கிறது.

எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் ஐரோப்பாவின் சிஇ, அமெரிக்காவின் எஃப்சிசி இரண்டு முத்திரையும் அச்சடித்திருக்கிறது. மானிட்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? மதர்போர்டு கையேட்டில் 'வருகிற குறுக்கீடு எதையும் இந்தக் கருவி ஏற்றுக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி வேறு. அதற்கு என்ன அர்த்தம்? வாத்தியாருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

சிற்றலைப்பித்தன்:

பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரை மீட்டர் பெட்டி பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கேயும் இரைந்தால் சத்தம் வீட்டு வயரிங் வழியாகப் போகிறது. இரைச்சலை அடக்கும் காந்தப் பொருளான ஃபெர்ரைட்டில் செய்த பெரிய வளையத்தில் பவர் கார்டை ஐந்தாறு சுற்று சுற்றினால் கொஞ்சம் குறையும். கிளிப் போல மாட்டுகிற சின்ன ஃபெர்ரைட்டில் ஒரு தடவை கோத்தால் மத்திய அலையில் பலன் இருக்காது.

பழைய டெஸ்ட் இன்ஜினியர்:

தம்பி, ஷட்டவுன் செய்த பிறகும் இரைகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மெயின் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் பல வருஷம் இதே வேலை பார்த்தவன் நான். மின்கம்பி வழியே வெளியேறும் குறுக்கீட்டை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்போம். காற்றில் பரவுவதை 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஆன்டெனா வைத்து அளப்போம். 936 முதல் வகையில் வருகிறது. வீட்டுக் கருவிக்கான கிளாஸ் பி விதிப்படி அங்கே உச்சவரம்பு 56 டெசிபல் மைக்ரோவோல்ட், அதாவது சுமார் 630 மைக்ரோவோல்ட். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே எண்தான்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 1977இல் வந்த டிஆர்எஸ்-80 கம்ப்யூட்டர் பக்கத்து ரேடியோவை அப்படிக் கெடுத்தது. ஏஎம் ரேடியோவை அருகில் வைத்து, அந்த இரைச்சலையே விளையாட்டுகளுக்கு ஒலியாகப் பயன்படுத்தினார்கள். 1979இல் எஃப்சிசி வரம்பு போட்டது. அந்த மாடலைத் திருத்துவதற்குப் பதிலாக 1981 தொடக்கத்தில் நிறுத்தியே விட்டார்கள். அதே காலத்து அடாரி 800-ஐத் திறந்தால் உள்ளே கனத்த அலுமினிய வார்ப்புக் கவசம் இருக்கும். குறுக்கீட்டை அடக்குவது காசு பிடிக்கிற வேலை. மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் காசைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

உங்கள் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டு, பெரிய கெப்பாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மின்சாரம் நுழைகிற இடத்தில் ஒரு சதுர மஞ்சள் கெப்பாசிட்டர், இரண்டு கம்பிகளும் சேர்ந்து சுற்றிய காயில், எர்த்துக்குப் போகிற இரண்டு சின்ன நீலக் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். இவை சேர்ந்ததுதான் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர். மலிவு சரக்கில் காயிலுக்குத் துளை இருக்கும், காயில் இருக்காது. அங்கே இரண்டு கம்பித்துண்டை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள்.

அடுத்து எர்த். அந்த நீலக் கெப்பாசிட்டர்கள் எர்த் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்பதற்கு அவைதான் காரணம். 'இது ஷாக் அடிக்கிறது' என்று நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, ஃபில்டரே இல்லாத ஒன்றை மாட்டிவிடுகிற கொடுமையை நிறையப் பார்த்துவிட்டேன். எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

இனி முத்திரைக்கு வருகிறேன். சிஇ என்பது தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. கம்ப்யூட்டர் சாமானுக்கு எந்த அரசாங்கமும் முன்கூட்டிச் சோதித்து அதைக் கொடுப்பதில்லை. எஃப்சிசியிலும் 2017 முதல் இத்தகைய கருவிகளுக்குத் தன்னறிவிப்பு முறைதான், லோகோகூடக் கட்டாயமில்லை. ஆனால் பொறுப்பேற்பவர் அமெரிக்காவில் இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் பொருளோடு வரும் தாளில் இருக்க வேண்டும். நான் லோகோவைப் பார்க்க மாட்டேன், அந்த முகவரியைத்தான் தேடுவேன். முகவரி இல்லாத முத்திரைக்கு யாரும் ஜவாபுதாரி இல்லை.

கையேட்டில் இருப்பதாக நீங்கள் கேட்ட வரி எஃப்சிசி விதிகளின் பகுதி 15-இல் இருந்து வருகிறது. உரிமம் பெற்ற ஒலிபரப்புக்கே அங்கே முன்னுரிமை. ஒரு நிலையத்தின் அலையால் உங்கள் பிசி தடுமாறினால் நீங்கள் புகார் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கவசம் போடக் கூடாது என்று சிலர் சொல்வது தவறு.

பிஐஎஸ் எண் வேறு விஷயம். மானிட்டரில் இருப்பது ஐஎஸ் 13252-இன்படி பாதுகாப்புக்கான பதிவு: ஷாக், தீ, சூடு. ரேடியோ இரைச்சலை அது அளப்பதே இல்லை. வைஃபை இருந்தால் அதற்கு டபிள்யூபிசி (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) அனுமதி தனி.

உறையூர்க்காரன்:

ரொம்ப நன்றி சார். திறந்து பார்த்தேன். போர்டில் காயில் படம் அச்சடித்த இடத்தில் இரண்டு கம்பித்துண்டுதான். நீலக் கெப்பாசிட்டர்களும் இல்லை. வாத்தியார் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் கம்பியே இணைக்கவில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. இன்னொருவர் பழைய ரேக் சர்வர் ஒன்றை வீட்டில் வைக்கக் கேட்கிறார், அதில் கிளாஸ் ஏ என்று இருக்கிறது. கொடுக்கலாமா? நான் அசெம்பிள் செய்கிற பிசியை முழுசாகச் சோதிக்க வழி உண்டா?

பழைய டெஸ்ட் இன்ஜினியர்:

கிளாஸ் ஏ அலுவலகம், தொழிற்சாலைக்கானது. அதே மத்திய அலைப் பகுதியில் அதன் வரம்பு 73 டெசிபல், வீட்டு வரம்பைப் போல ஏழு மடங்கு வோல்டேஜ். விற்பதை இங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் குறுக்கீடு வரலாம் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும், அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். வெளியே நல்ல லைன் ஃபில்டர் ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள்.

சோதனைக்குத் தரமணியில் சமீர் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம். ஒரே ஒரு பிசிக்காகப் போனால் கட்டணம் கட்டுப்படியாகாது. ஒரே கேபினட், ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரே மதர்போர்டு என்று ஒரு மாடலை நிலையாக விற்கப் போகிறீர்கள் என்றால் போங்கள். பாகங்கள் ஒவ்வொன்றும் தேறியதாலேயே சேர்த்துக் கட்டிய பெட்டியும் தேறும் என்று சொல்ல முடியாது. முன்பக்க யூஎஸ்பி வயர் ஒன்றே கெடுத்துவிடும். கிளம்புவதற்கு முன் அந்த வயரின் உலோகக் கவச உறை கேபினட் உலோகத்தைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.