ஏழாம் மாடி மரத்தூள்: மாஸ்க் கொடுத்தால் போதுமா?

தூசிக்கணக்கு:
வெள்ளவத்தையில் கடல் பக்கம் எழும் ஒரு தொடர்மாடியில் சைட் மேற்பார்வை என் வேலை. ஏழாம் மாடியில் அலுமாரி, பான்ட்ரி கபேட் வேலை நடக்கிறது, எல்லாம் எம்.டி.எஃப், அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. போன கிழமை ஓர் அறைக்குள் போனால், இரண்டு பேர் சாண்டர் (தேய்க்கும் மெசின்) பிடிக்கிறார்கள், ஒரு பொடியன் தும்புத்தடியால் கூட்டுகிறான், யன்னலெல்லாம் பூட்டு. தூசி உறிஞ்சும் மெசின் வரும்வரை உள்ளே வெட்டவோ தேய்க்கவோ கூடாது என்று நிறுத்திவிட்டேன். பின்னேரமே கொன்ட்ராக்டர் சண்டைக்கு வந்தார். மாஸ்க் கொடுத்தால் முடிந்தது, இதென்ன பெரிய விஷயம் என்கிறார். நான் செய்தது கூடிப்போனதா? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலாப்பலகை:
கூடித்தான் போனது தங்கச்சி. நான் 35 வருட ஓடாவி, தச்சுவேலைக்காரன். அப்பா மொரட்டுவைப் பட்டறையில் தூளுக்குள்ளேயே இருந்து 80 தாண்டிப் போனவர். சிமெந்துத் தூள் என்றால் சரி, பயப்படலாம். மரத்தூள் இயற்கைதானே. வேலையை நிறுத்தினால் அந்தப் பொடியன்களுக்கு அன்றைய நாட்சம்பளம் யார் கொடுப்பது?

கணக்குப்புத்தகம்:
நானும் சிறிய கொன்ட்ராக்ட் எடுக்கிறவன். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த வேலையில் மெசின் விலையை எங்கே போடுவது? புற்றுநோய் என்று பயமுறுத்துவார்கள். அந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது?

தூசிக்கணக்கு:
மூக்குப் புற்றுநோய் அரிது, மறைக்கவில்லை. ஆனால் கதை புதிதல்ல. இங்கிலாந்தில் ஹை விக்கம் பக்கத் தளபாடத் தொழிலாளரிடம் அது வழக்கத்துக்கு மீறி இருப்பதை 1960களிலேயே கண்டுபிடித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை முதல் பிரிவில் போட்டது, புகையிலைப் புகை இருக்கும் அதே பிரிவு. எனக்கு அதைவிடப் பயம் ஆஸ்துமா. மற்றத் தொழிலாளரைவிடத் தச்சர்களுக்கு அது நான்கு மடங்கு என்கிறது பிரித்தானியாவின் தொழில் பாதுகாப்பு அமைப்பு.

அங்கே தேக்கு போன்ற வன்மரத் தூளுக்கு எட்டு மணி நேரச் சராசரி எல்லை, கன மீட்டருக்கு 3 மில்லிகிராம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயர அறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு அறைக் காற்றிலும் சேர்த்து 76 மில்லிகிராம்தான் வருகிறது. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு! சாண்டர் அதை எவ்வளவு நேரத்தில் தாண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

கணக்குப்புத்தகம்:
அது வெள்ளைக்காரன் கணக்கு. இங்கே யார் அளக்கிறார்கள்?

தூசிக்கணக்கு:
அளக்க வேண்டாம், அறையை இருட்டாக்கி ஃபோன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்று பாருங்கள். நான் பார்த்தேன். சாண்டரை நிறுத்தி இரண்டு பிளேன்டி குடித்து முடித்த பிறகும் தூள் இறங்காமல் புகைபோல நின்றது. பொடியன் கூட்டத் தொடங்கியதும் தரையில் கிடந்ததும் எழும்பிவிட்டது.

திங்கட்கிழமை:
என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், காரணம் உண்டு. ஆறு வருடம் தேக்கும் எம்.டி.எஃப்பும் தேய்த்தேன். முதலில் கைலேஞ்சியில் மண்ணிறச் சளி, அது எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டேன். பிறகு இரவில் இருமல். ஞாயிறு, போயா லீவு என்றால் நன்றாக இருப்பேன். திங்கள் பின்னேரம் நெஞ்சு விசில் அடிக்கும். டொக்டர் மருந்து எழுதுமுன் கேட்ட முதல் கேள்வி, "லீவு நாளில் எப்படி?" இப்போது எஸ்டிமேட் எழுதுகிற வேலை. யாரும் தேக்கு அறுத்த அறைக்குள் போனால் மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப் இன்னும் தேவை.

பலாப்பலகை:
தம்பி, அது கஷ்டம்தான். இயற்கை என்று நான் சொன்னதையும் கொஞ்சம் திருத்துகிறேன். முதிரை அறுத்தால் எனக்கே கழுத்திலும் மணிக்கட்டு மடிப்பிலும் வியர்வையோடு சேர்ந்து தடித்து அரிக்கும், இரண்டு நாள் சொறிவேன். ஆனால் மாஸ்க் கதை வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் பத்து மணிக்கே அது கழுத்துக்கு இறங்கிவிடும். தாடி வைத்தவனுக்கு ஓரத்தால் காற்றுப் போகும். மெசின் சத்தத்தில் ஒருவனைக் கூப்பிட வேண்டும் என்றாலும் கழற்றத்தான் வேண்டும்.

தூசிக்கணக்கு:
ஐயா, இதைத்தானே நானும் சொல்கிறேன்! மாஸ்க் கடைசிக் காவல். தூள் எழும்பும் இடத்திலேயே, சாண்டரின் வாயிலேயே குழாய் பொருத்தி இழுத்தால் மாஸ்க் நழுவினாலும் பாதி ஆபத்து போய்விடும்.

கணக்குப்புத்தகம்:
அப்படியென்றால் வீட்டு வெக்கியூமைக் கொண்டுவருகிறேன். இல்லாவிட்டால் பால்கனியில் வைத்து வெட்டட்டும், செலவே இல்லை.

தூசிக்கணக்கு:
வீட்டு வெக்கியூம் சீவலைப் பிடிக்கும், நுண்தூளைப் பின்பக்கத்தால் திரும்ப ஊதிவிடும். 'M' வகுப்பு என்று போட்ட தூசி உறிஞ்சும் மெசினில், இழுத்த தூளில் 0.1 வீதத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது. பால்கனி மேற்குப் பார்த்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெட்டிப் பாருங்கள், தூள் நேரே வீட்டு ஹோலுக்குள் வந்து குடியிருக்கும்.

பலாப்பலகை:
பலகையை ஏன் மேலே வைத்து வெட்டுகிறீர்கள்? பட்டறையில் அளவுக்கு வெட்டி, ஓரம் ஒட்டி, மேலே பூட்ட மட்டும் கொண்டுபோகலாமே.

கணக்குப்புத்தகம்:
சுவர் நேராக இருந்தால்தானே ஐயா. ஓர் அறையில் மேலே முக்கால் அங்குலம் உள்ளே போயிருக்கிறது. சைட்டில் வெட்டாமல் பொருந்தாது.

பலாப்பலகை:
கொழும்பில் நேரான சுவரை நானும் கண்டதில்லை. அதற்குத்தான் பெட்டியை இரண்டு அங்குலம் குறைத்துச் செய்து, சுவரோரம் ஒரு மரப்பட்டி விடுவது. வளைவைப் பென்சிலால் இழுத்து, பட்டியை மட்டும் சீவுளியால் சீவிப் பொருத்தினால் சீவல் சுருளாக விழும், காற்றில் மிதக்காது. இப்போதைய பொடியன்களுக்குச் சீவுளி பிடிக்கத் தெரியாது, அது வேறு கதை. கடைசித் தேய்ப்புக்குத்தான் மெசின் வேண்டும். அதற்கு வாடகைக்கு எடுங்கள்.

கணக்குப்புத்தகம்:
வாடகையை யார் தலையில் போடுவது?

தூசிக்கணக்கு:
பாதியைக் கட்டிட உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

பலாப்பலகை:
வரும்வரை அந்தப் பொடியனிடமிருந்து தும்புத்தடியை வாங்கிக்கொண்டு ஈரத் துணியைக் கொடுங்கள்.

கணக்குப்புத்தகம்:
மரப்பட்டி யோசனையை என் அடுத்த வேலையில் செய்து பார்க்கிறேன். மெசின் வாங்குவதாக நான் எங்கும் சொல்லவில்லை.